சீனாவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு: செலவு, வீடு, சாப்பாடு, பதிவுகள் – முழுமையான வழிகாட்டி

சீனாவில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். அதற்கான பதில் பெரும்பாலும் நிம்மதி தருவதாகவே இருக்கும். சாப்பாடு, போக்குவரத்து, போன், மின்சாரம் எல்லாம் மலிவு. ஆளைத் திணறடிப்பது முதல் மாதம்தான். வீட்டுக்கு மொத்தமாகக் கட்டும் பணம், நாள் தவறாமல் முடிக்க வேண்டிய பதிவுகள், பெயர் பொருந்தாததால் இழுத்தடிக்கும் வங்கிக் கணக்கு என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதனால் மாதச் செலவைக் கடைசியில் வைத்துவிட்டு, காரியங்கள் எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் இருப்பது குவாங்சோவில். உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிருந்தே வரும். மற்ற ஊர்களில் எங்கே மாறுமோ அங்கே குறிப்பிடுகிறேன். கணக்குக்கு 1 யுவான் சுமார் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரைப் பார்த்துச் சம்பளம் பேசுங்கள்

ஷாங்காய், பெய்ஜிங், ஷென்சென், குவாங்சோ நான்கையும் முதல் அடுக்கு நகரங்கள் என்பார்கள். நான்கும் ஒரே அடுக்கு என்றாலும் வாடகை ஒன்றல்ல. ஷாங்காயின் நடுப்பகுதியில் ஒரு படுக்கையறை வீடு 7,000 முதல் 10,000 யுவான் வரை போகும். அதே தரத்தில் குவாங்சோவில் 3,500 – 5,500 யுவானுக்குக் கிடைக்கும். ச்சூச்சியாங் புது நகரம் போன்ற பளபளப்பான பகுதி என்றால் 8,000-ஐத் தொடும். செங்டு, ஷியான், குன்மிங் பக்கம் போனால் 2,000 – 3,500. நம்மவர்கள் வியாபாரத்துக்காக அதிகம் தங்கும் இவு நகரில் இன்னும் குறைவு.

சாப்பாட்டுச் செலவில் ஊருக்கு ஊர் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. ஆகவே ஷாங்காயில் 18,000 யுவான் சம்பளத்தைவிட செங்டுவில் 14,000 கையில் கூடுதலாக மிச்சமாகலாம். சம்பளம் பேசும்போது மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல் வீட்டு வாடகைப் படி, வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய்வர விமானக் கட்டணம், மருத்துவக் காப்பீடு மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

குளிரையும் கணக்கில் சேருங்கள். சின்லிங் மலை – ஹுவாய் ஆறு கோட்டுக்கு வடக்கே உள்ள நகரங்களில் குளிர்காலத்தில் பொது வெப்ப வசதி உண்டு. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. கோட்டுக்குத் தெற்கே அது கிடையாது. வெளியே உறைபனி அடிக்கும் பெய்ஜிங்கில் வீட்டுக்குள் டீஷர்ட்டோடு இருக்கலாம். ஷாங்காயிலும் செங்டுவிலும் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட வேண்டியிருக்கும். நம் ஊர் உடம்புக்குக் குவாங்சோவும் ஷென்சென்னும்தான் சுலபம்.

கிளம்பும் முன்: விசாவும் சான்றிதழும்

வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது இஸட் விசா. அதற்கு முன் நிறுவனம் சீன அரசிடமிருந்து வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். "இப்போதைக்கு வியாபார விசாவில் வந்துவிடுங்கள், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வியாபார விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். பிடிபட்டால் அபராதம், காவல், நாடு கடத்தல் எல்லாம் நிறுவனத்தோடு போகாது, உங்கள் தலையில் விழும்.

வெளிநாட்டு ஊழியர்களை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். சம்பளம், படிப்பு, அனுபவம், வயது, சீன மொழித் திறன் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. 85-க்கு மேல் ஏ, 60-க்கு மேல் பி. பொதுவாக ஒரு பட்டமும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் பி-யில் வந்துவிடலாம்.

அதிக நேரம் எடுப்பது பட்டச் சான்றிதழுக்கான சான்றொப்பம். சீனா 2023 நவம்பர் 7 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே முத்திரையோடு மற்ற நாட்டு ஆவணங்களை ஏற்கும் ஒப்பந்தம்) இருந்தாலும் இந்தியச் சான்றிதழ்களுக்குப் பழைய வழிதான்: முதலில் மாநில அரசு, பிறகு தில்லியில் வெளியுறவு அமைச்சகம், கடைசியில் சீனத் தூதரகம். காவல்துறை நற்சான்றுக்கும் சான்றொப்பம் வேண்டும். இரண்டையும் ஒன்றாக அனுப்புங்கள். ஒன்றரை இரண்டு மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பெயர் விஷயம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தமிழர்களுக்குச் சீனாவில் வரும் சிக்கல்களில் பாதி பெயரிலிருந்துதான் தொடங்குகிறது.

நம் பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகியிருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலி. சீன அதிகாரிக்கு இரண்டும் இரண்டு வேறு ஆட்கள். ஆகவே சான்றொப்பத்துக்கு அனுப்பும்போதே, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரத்தைச் சேர்த்து அதற்கும் முத்திரை வாங்கிவிடுங்கள்.

உள்ளே வந்தபின் இன்னொரு கட்டம். வங்கிக் கவுன்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பெயரை முதலில் போட்டு, நடுவில் இடைவெளி விடாமல், எல்லாம் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்வார். சிம் கார்டு கடையில் வேறொருவர் அப்பா பெயரை முதலில் போட்டு இடைவெளியும் விட்டிருப்பார். பிறகு வீசாட்டில் (செய்தி அனுப்பவும் பணம் கட்டவும் உதவும் சீனச் செயலி) வங்கி அட்டையைச் சேர்க்கும்போது "தகவல் பொருந்தவில்லை" என்று திரும்பத் திரும்ப வரும். காரணம் ஒரே ஓர் இடைவெளிதான்.

தீர்வு எளிது. விசாவில் பெயர் எந்த வரிசையில், எந்த இடைவெளியில் அச்சாகியிருக்கிறதோ அதைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள். சிம் கடை, வங்கி, வேலை அனுமதி, ரயில் செயலி எங்கே போனாலும் அந்தப் படத்தைக் காட்டி, "இப்படியே போடுங்கள்" என்று கேளுங்கள். அவர் சேமிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் முப்பது நாள்

2020-இல் நின்றுபோன இந்தியா – சீனா நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் கடைசியில் கொல்கத்தா – குவாங்சோ வழித்தடத்தோடு மீண்டும் தொடங்கின. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், கொழும்பு வழிகளும் வசதிதான். இறங்கியதிலிருந்து கெடு ஓடத் தொடங்கும்.

முதல் 24 மணி நேரத்துக்குள் தங்குமிடப் பதிவு. ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீடோ வாடகை வீடோ என்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு நீங்களே போக வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திர நகல் கேட்பார்கள். ஷாங்காய் போன்ற ஊர்களில் இணையத்திலேயே முடிக்கலாம். தவறினால் எச்சரிக்கையோ 2,000 யுவான் வரை அபராதமோ உண்டு. அதைவிட முக்கியம், இந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. வீடு மாறினாலும் புது பாஸ்போர்ட் வாங்கினாலும் மறுபடி பதிய வேண்டும். வெளிநாடு போய்த் திரும்பினால் மறுபதிவு தேவையா என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் காவல் நிலையத்தில் முதல் தடவையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு போனால் ரத்தம், மார்பு எக்ஸ்ரே, இசிஜி, ஸ்கேன் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும். 15 நாளுக்குள் வேலை அனுமதி விண்ணப்பம், 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதி விண்ணப்பம். குடியிருப்பு அனுமதி தயாராகும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். கையில் ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீதைக் காட்டி ரயிலில் போகலாம், ஹோட்டலில் தங்கலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. அந்த நாட்களில் ஊர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போன், இணையம், வீட்டோடு பேசுவது

சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் மூன்றில் எதுவானாலும் பாஸ்போர்ட்டோடு நிறுவனத்தின் சொந்தக் கிளைக்கே போய் சிம் வாங்குங்கள். மாதம் 30 முதல் 100 யுவானுக்குள் தேவைக்கு மேலேயே டேட்டா கிடைக்கும். சீன எண் இல்லாமல் இங்கே எந்தக் கதவும் திறக்காது. வங்கிக்கும் இதுவே முதல்படி.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எதுவும் சீன இணைப்பில் வராது. அங்கே நம் வீட்டுப் பக்கத்தில் இன்னொரு தடை: இந்தியாவில் 2020 ஜூனிலிருந்து வீசாட்டுக்குத் தடை. அம்மாவிடம் வாட்ஸ்அப் இருக்கிறது, உங்களிடம் வீசாட் இருக்கிறது, இரண்டும் சந்திக்காது. பலர் செய்வது இதுதான். இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருப்பது, இல்லையென்றால் வெளிநாட்டில் வாங்கிய ரோமிங் இசிம் போட்டுக்கொள்வது. ரோமிங் டேட்டா வெளிநாட்டு வலைப்பின்னல் வழியாகப் போவதால் வாட்ஸ்அப் வேலை செய்யும். இரண்டு பக்கமும் ஐபோன் என்றால் ஃபேஸ்டைம் போதும். தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன், அனுமதி பெறாததாக இருந்தால் சீன விதிகளுக்கு எதிரானது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அலுவலகத்துக்கு முறையாகப் பதிவான சர்வதேச இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இந்திய சிம்மை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணம், இந்திய வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வருமான வரி, காப்பீட்டுத் தவணை, வீட்டுக் கடன் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கும்.

வரைபடத்துக்கு ஏமேப் என்கிற காவ்தெ செயலி. ஆங்கிலத்திலும் வரும். கூகுள் வரைபடத்தில் சீனத் தெருக்கள் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும், நம்ப வேண்டாம்.

பணம் கட்டுவது

சில்லறைக் காசை இங்கே யாரும் எண்ணுவதில்லை. கீரைக்காரம்மா முதல் ஆஸ்பத்திரி வரை போனில் பணம் கட்டும் அலிபே, வீசாட் பே இரண்டுதான். வந்த அன்றே வேலை நடக்க வேண்டுமானால் ஊரிலிருந்தே அலிபே போட்டு, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையைச் சேர்த்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்துவிட்டு வாருங்கள். 200 யுவானுக்குக் குறைவான ஒவ்வொரு செலவுக்கும் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 3 விழுக்காடு. ரூபே அட்டையை நம்பி வராதீர்கள். கையில் ஆயிரம் யுவான் நோட்டாகவும் வைத்திருங்கள். நோட்டை வாங்க மறுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம்.

வங்கிக் கணக்குக்குப் பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, சீன எண், வேலை ஒப்பந்தம் வேண்டும். இந்தியர் என்றால் பான் எண்ணும் கேட்பார்கள், மறக்காமல் குறித்துக்கொண்டு போங்கள். சம்பளம் எந்த வங்கியில் விழுமோ அந்த வங்கியில், அலுவலகத்துக்குப் பக்கத்துக் கிளையில், சீனம் பேசும் சக ஊழியரோடு போவதுதான் நல்லது. பாஸ்போர்ட்டையோ குடியிருப்பு அனுமதியையோ புதுப்பித்ததும் வங்கிக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் காலையில் அட்டை வேலை செய்யாது.

வீடு

இங்கேதான் பணம் போகிறது, இங்கேதான் நிதானம் வேண்டும்.

வழக்கம் என்னவென்றால் ஒரு மாத வாடகை முன்பணம், மூன்று மாத வாடகை முன்கூட்டியே. சில ஊர்களில் முன்பணமே இரண்டு மாதம். அதோடு தரகருக்கு அரை மாதம் முதல் ஒரு மாத வாடகை வரை. 4,000 யுவான் வீடு என்றால் சாவி வாங்கும் நாளில் 18,000 முதல் 20,000 யுவான் கைவிட்டுப் போகும். ரூபாயில் சுமார் 2.16 முதல் 2.4 லட்சம். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இது தேவைப்படும். முன்பணத்துக்கு நிறுவனம் கடன் தருமா என்று வேலைக்குச் சேரும் முன்பே கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள்.

லியன்ஜியா, பெய்கெ செயலிகளில் வீடுகளைப் பார்க்கலாம். ஸிரூ செயலியில் அறையாகப் பிரித்தும் கிடைக்கும்; தனியாக வருகிற இளைஞர்களுக்கு அது தோது. செயலியில் இருக்கும் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் நேரில் போய்ப் பாருங்கள். பார்க்கும்போது நான் கவனிக்கச் சொல்வது:

வெளிநாட்டவரைப் பதிவு செய்ய வீட்டுக்காரர் பத்திர நகல் தருவாரா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். நகரத்துக்கு நடுவே இருக்கும் பழைய கிராமப் பகுதிகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்கு அறை கிடைக்கும். ஆனால் பல அறைகளுக்குப் பத்திரம் சரியாக இருக்காது, பதிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து ரசீது. இங்கே முறையான வரி ரசீதை ஃபாபியாவ் என்பார்கள். வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு வாங்க அது வேண்டும். ரசீது கொடுத்தால் வீட்டுக்காரர் வரி கட்டியாக வேண்டும், அதனால் பலர் தயங்குவார்கள். ஒப்பந்தம் போட்டபின் கேட்டால் வாடகையைக் கூட்டுவார்கள். முன்னாலேயே பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

குவாங்சோ பக்கம் என்றால் தரைத்தளமும் முதல் மாடியும் வேண்டாம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசும்போது சுவரும் தரையும் வியர்க்கும். கண்ணாடியில் நீர் வடியும், அலமாரியில் இருக்கும் தோல் செருப்பு பூசணம் பிடிக்கும். அந்த மாதங்களில் வீடு பார்க்கப் போனால் அது ஒரு வசதி, எந்த வீடு நனைகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். உயர மாடியும், ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடகை கட்டும் ஊரில் முன்பணத் தகராறு சகஜம். சாவி வாங்கும்போதே சுவர், தரை, ஏசி, சலவை இயந்திரம், மீட்டர் எண்கள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வீசாட்டில் அனுப்பிவிடுங்கள். அவர் போனில் தேதியோடு இருந்தால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

மின்சாரம் யூனிட்டுக்கு 0.5 – 0.6 யுவான் அளவில். பயன்பாடு கூடினால் விலையும் கூடும். ஷாங்காயில் இரவு 10 முதல் காலை 6 வரை பாதி விலை. தண்ணீர், எரிவாயு எல்லாம் சேர்த்து மாதம் 250 – 400 யுவானில் அடங்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. காய்ச்சுங்கள், இல்லாவிட்டால் 19 லிட்டர் கேன் சுமார் 20 யுவானுக்கு வீட்டுக்கே வரும்.

குவாங்சோவில் ஏப்ரல் – மே, அக்டோபர் – நவம்பர் மாதங்களில் கேன்டன் கண்காட்சி என்ற பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும். அந்த வாரங்களில் ஹோட்டல் விலை எகிறும். வீடு கிடைக்கும்வரை ஹோட்டலில் தங்கும் திட்டம் இருந்தால் அந்தத் தேதிகளைத் தவிர்த்து வாருங்கள்.

சாப்பாடு

வெளியே சாப்பிட்டால் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் 12 – 25 யுவான், குவாங்சோவில் காலையில் அரிசி மாவில் ஆவியில் சுட்டெடுக்கும் சாங்ஃபன் 6 – 12, அலுவலகப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மதியம் 20-க்குள். மெய்துவான் செயலியில் வரவழைத்தால் 20 – 35. ஹலால் வேண்டுவோருக்குக் கவலையே இல்லை. பச்சைப் பலகையோடு லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் இருக்கும். குவாங்சோவின் சியாவ்பெய் பகுதியில் அரபு, ஆப்பிரிக்க, இந்தியச் சாமான்களும் கிடைக்கும்.

சைவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கித் தருவார்கள், சிப்பிச் சாறும் கோழிப் பொடியும் சேர்ந்துவிடும். கேட்டால், அதில் இறைச்சித் துண்டு இல்லையே என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். "வோ ச்சிர் சு" – நான் சைவம் – என்று சொல்லுங்கள். பௌத்த சைவம் இங்கே எல்லோருக்கும் புரியும். எண்ணெய், சிப்பிச் சாறு, முட்டை பற்றிய உங்கள் விதிகளைச் சீனத்தில் எழுதி வாங்கிப் போனில் படமாக வைத்திருங்கள். புத்தக் கோயில்களை ஒட்டி நல்ல சைவ உணவகங்கள் உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் நெரியும், முன்னதாகப் போய்விடுங்கள்.

ஆனால் செலவை உண்மையிலேயே குறைப்பது காய்கறிச் சந்தை. தெற்குச் சீனச் சந்தைக்குள் போனால் நமக்கு அந்நியமாகவே இருக்காது. பாகற்காய், பீர்க்கங்காய், கத்தரிக்காய், காராமணிக்காய், சேப்பங்கிழங்கு, சிவப்பும் பச்சையுமாகத் தண்டுக்கீரை, கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் குவிந்திருக்கும். விலைப் பலகையில் இருப்பது அரைக் கிலோவுக்கான விலை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காய் வாங்கினால் இரண்டு வெங்காயத்தாளைச் சும்மா போட்டுத் தருவது இங்கத்திய பழக்கம். தொடர்ந்து ஒரே கடைக்குப் போங்கள், சீக்கிரமே உங்கள் கீரையைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்குவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வாரக் காய்கறி 60 – 80 யுவானில் முடியும்.

அரிசி கிலோ 5 – 8 யுவான். வடக்கத்திய அரிசி குண்டாக ஒட்டும், நம் சோற்றுக்குத் தெற்கில் விளையும் நீளமான வகையைக் கேளுங்கள். பாசிப்பயறும் நிலக்கடலையும் எங்கும் மலிவு. துவரம்பருப்பு, உளுந்து, கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் தாவ்பாவ் செயலியில் இந்தியக் கடைகளிடம் கிடைக்கும், ஆனால் ஊர் விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஷென்சென்னில் இருப்பவர்கள் ஹாங்காங் போய், இந்தியக் கடைகள் இருக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் வாங்கி வருவதும் உண்டு. இந்தியர்கள் அதற்கு முன் ஹாங்காங்கின் இணைய முன்பதிவைச் செய்திருக்க வேண்டும்.

தயிர் என்று கடையில் விற்பது பெரும்பாலும் சர்க்கரை போட்டது. குளிர்பெட்டியில் இருக்கும் புதுப் பாலை வாங்கி வீட்டிலேயே உறை ஊற்றுங்கள். குக்கர், மிக்ஸி ஊரிலிருந்தே கொண்டுவரலாம். மின்சாரம் 220 வோல்ட், நம் மிக்ஸி ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது, அடாப்டர் நாலைந்து எடுத்து வாருங்கள்.

போக்குவரத்து

குவாங்சோ மெட்ரோ 2 யுவானில் தொடங்கும், ஷாங்காயில் 3. பஸ் 2 யுவான். பகிர்வு சைக்கிள் அரை மணிக்கு ஒன்றரை யுவான். ராத்திரி நேரத்துக்குத் தீதீ டாக்சி, ஆங்கிலத்திலும் அழைக்கலாம். தினமும் வேலைக்குப் போய்வர மாதம் 200 – 300 யுவான் தாராளம்.

வெளியூருக்கு அதிவேக ரயில். 12306 என்பதே அரசு செயலியின் பெயர். பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துவிட்டால் பாஸ்போர்ட்டே டிக்கெட். பெய்ஜிங் – ஷாங்காய் 1,318 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் கடக்கும். இரண்டாம் வகுப்பு 550 – 660 யுவான். டிக்கெட் 15 நாளுக்கு முன் திறக்கும். வசந்த விழாவுக்கும் (சீனப் புத்தாண்டு) அக்டோபர் முதல் வார விடுமுறைக்கும் திறந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். விழாவுக்கு நீண்ட விடுமுறை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக ஒரு சனி, ஞாயிறில் வேலை வைப்பது இங்கத்திய வழக்கம். ஆண்டுத் தொடக்கத்திலேயே அலுவலக நாட்காட்டியைப் பார்த்துத்தான் ஊர்ப் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

ரயிலைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீண்ட வார இறுதி கிடைத்தால் ஃபூஜியன் மாகாணத்தின் க்வான்சோவுக்குப் போய் வாருங்கள். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலின் சிற்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

ஆஸ்பத்திரி

அரசு ஆஸ்பத்திரிகளில் மூன்றாம் நிலை – ஏ தரம்தான் மேல். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவுச் சீட்டு 10 – 50 யுவானுக்கு வாங்கலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முதலில் பணம், பிறகுதான் சேவை. கூட்டம் அதிகம், மருத்துவர் உங்களோடு இருப்பது சில நிமிடம். சீனம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். அதே ஆஸ்பத்திரிகளில் சிலவற்றில் சர்வதேசப் பிரிவு உண்டு, சில நூறு யுவான் ஆகும், ஆங்கிலம் பேசுவார்கள். தனியார் சர்வதேச கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கவே ஆயிரம் யுவான் ஆகலாம். நிறுவனக் காப்பீடு அங்கே செல்லுமா என்று முன்பே பாருங்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு கொண்டுவாருங்கள். ஆம்புலன்ஸ் 120, போலீஸ் 110, தீயணைப்பு 119.

குடும்பத்தோடு வருகிறீர்களா

இதில் என் கருத்து உறுதியானது: குழந்தைக்குப் பள்ளி வயது வந்துவிட்டது, நிறுவனம் கட்டணம் தராது என்றால், குடும்பத்தை அழைத்து வரும் முன் பத்துத் தடவை யோசியுங்கள். பெரிய நகரங்களில் சர்வதேசப் பள்ளிக் கட்டணம் ஒரு குழந்தைக்கு வருடம் 2 முதல் 3.5 லட்சம் யுவான். ரூபாயில் 24 லட்சத்திலிருந்து 42 லட்சம். மற்ற எல்லாச் செலவையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. சீன அரசுப் பள்ளிகளில் வெளிநாட்டுக் குழந்தைகளைச் சேர்க்கிறார்கள், கட்டணமும் குறைவு. சின்ன வயதுக் குழந்தை சீக்கிரம் மொழியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பன்னிரண்டு வயதில் வந்து ஆயிரக்கணக்கான எழுத்துகளின் முன் உட்கார வைப்பது பாவம்.

துணைக்கு வருகிறவரின் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சம்பளம், வரி, ஊருக்குப் பணம்

வரி 3 முதல் 45 விழுக்காடு வரை ஏறும். வருடத்துக்கு 60,000 யுவான் கழிவு. புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது, வரியைக் கூட்டிக்கொண்டே பிடிக்கும் முறை. மாதம் 20,000 யுவான் சம்பளம் என்று வையுங்கள், காப்பீட்டுப் பிடித்தத்தை விட்டுவிடுவோம். ஜனவரியில் வரி 450 யுவான். ஏப்ரலில் 1,500. டிசம்பரில் 3,000. சம்பளம் மாறவில்லை, மொத்த வருமானம் அடுத்த படிக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஜனவரிச் சம்பளத்தை வைத்து வருடத்தைத் திட்டமிடாதீர்கள். வாடகை, குழந்தைப் படிப்பு, மொழிப் பயிற்சி ஆகிய படிகளுக்கு வெளிநாட்டவருக்கான வரிவிலக்கு 2027 முடியும்வரை உண்டு, ரசீது இருந்தால். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை வரிச் செயலியில் ஆண்டுக் கணக்கை முடியுங்கள். பலருக்குப் பணம் திரும்ப வரும்.

சமூகக் காப்பீட்டில் உங்கள் பங்காக ஓய்வூதியத்துக்கு 8 விழுக்காடும் மருத்துவத்துக்கு 2 விழுக்காடும் பிடிப்பார்கள்.

ஊருக்குப் பணம் அனுப்ப வரி கட்டிய சான்று, வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், வரி கட்டிய சம்பளம் அத்தனையையும் டாலராக மாற்றி அனுப்பலாம். முதல் தடவை ஒரு பாதி நாள் ஆகும், அப்புறம் பழகிவிடும். "எனக்கு யுவான் கொடு, உன் வீட்டில் ரூபாய் கொடுத்துவிடுகிறேன்" என்று குழுக்களில் வருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். உங்கள் கணக்கில் வரும் பணம் யாரோ ஏமாற்றிய பணமாக இருந்தால் காவல்துறை கணக்கை முடக்கும். சம்பளமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

மாதக் கணக்கு

குவாங்சோவில் தனியாள், நாகரிகமான ஒரு படுக்கையறை வீடு, பெரும்பாலும் வீட்டுச் சமையல் என்றால் என் கணிப்பு இது:

- வாடகை 3,500
- மின்சாரம், தண்ணீர், எரிவாயு 350
- போன், இணையம் 150
- சாப்பாடு 2,000
- போக்குவரத்து 300
- துணி, மருந்து, வெளியே போவது 1,200

மொத்தம் 7,500 யுவான், சுமார் 90,000 ரூபாய். வீட்டைப் பகிர்ந்துகொண்டால் 5,500-க்கு இறங்கும். ஷாங்காயில் இதே வாழ்க்கைக்கு 11,000 – 13,000. காபிக்கும் சீஸுக்கும் இறக்குமதிச் சாமானுக்கும் பழகியவர்களுக்கு எந்த ஊரிலும் இந்தக் கணக்கு நிற்காது.

வேலையை விட்டுக் கிளம்பும்போது

நிறுவனத்திடமிருந்து பணியிலிருந்து விடுவித்த கடிதமும் வேலை அனுமதி ரத்துச் சான்றும் வாங்காமல் கிளம்பாதீர்கள். நாளை சீனாவில் வேறு வேலைக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். ஓய்வூதியக் கணக்கில் உங்கள் பங்கை நிரந்தரமாகக் கிளம்பும்போது எழுதிக் கேட்டுத் திரும்பப் பெறலாம். அந்தப் பணம் சீன வங்கிக் கணக்குக்குத்தான் வரும், ஆகவே அதற்கு முன் கணக்கையும் சீன எண்ணையும் மூடிவிடக் கூடாது. வீட்டு முன்பணம், கடைசி மாதச் சம்பளம், ஓய்வூதியம் மூன்றும் வந்து, டாலராக மாற்றி அனுப்பிய பிறகு கடைசியாகக் கணக்கை மூடுங்கள். சீனாவில் இருந்த காலத்துக்கான குற்றப் பின்னணி இன்மைச் சான்றையும் குடியிருப்பு அனுமதி காலாவதியாகும் முன்பே வாங்கிவிடுங்கள். அடுத்து சிங்கப்பூரோ கனடாவோ போகிறவர்களிடம் அதைக் கேட்பார்கள், வெளியிலிருந்து வாங்குவது மிகக் கடினம்.